ஒருமைக்கு ஒரு எஸ்

முப்பத்தாறு பிள்ளைகள், எழுபத்திரண்டு நோட்டு.
ஆங்கிலம் எடுத்தவர் மாறுதலாகி
அருப்புக்கோட்டை போன நாளிலிருந்து
வரலாற்றோடு அதுவும் என் தலையில்.
தங்கச்சிமடத்தில் பஸ் ஏறி
உட்கார இடம் கிடைத்தால் திருத்தத் தொடங்குவேன்.
பாம்பன் பாலத்தில் காற்று
நான் தொடுமுன் பக்கம் புரட்டும்.
ராமநாதபுரம் வந்து பார்த்தால்
என் டிக் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும்.

ஐஸ் கம்பெனி காலண்டரைக் கிழித்துப் போட்ட அட்டைகள்.
உள்மடிப்பில் யாருக்கும் வேண்டாத
ஒரு பழைய அமாவாசை.

பள்ளிக்கு ஒரு கால அட்டவணை உண்டு.
கடலுக்கும் உண்டு:
திங்கள், புதன், சனி விசைப்படகு,
மற்ற நாள் நாட்டுப்படகு.
என்னுடையதில்தான் அடித்தல் திருத்தல் அதிகம்.

வரலாறு, வீட்டுப்பாடம்.
முதலாம் பானிப்பட்டுப் போருக்குக் காரணங்கள் இரண்டு எழுதுக.
நம்புச்செல்வி எழுதியிருக்கிறாள்:
ஒன்று. கோடு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.
இரண்டு. இன்ஜினை அணைக்கச் சொல்லியும் அணைக்கவில்லை.
கீழே, கேட்காமலே, வருடம்.
ஆயிரத்து ஐந்நூற்று இருபத்தாறு. அது சரி.
இன்ஜினை மட்டும் அடித்துவிட்டு
இரண்டுக்கு ஒன்றரை போட்டேன்.

ஆங்கிலம், வகுப்புப்பாடம்.
தினமும் நடப்பதற்கு நிகழ்காலம்.
ஒருவர் செய்தால் வினையின் வாலில் ஒரு எஸ்.
பலர் என்றால் வேண்டாம்.
முப்பத்தைந்து பேருக்கு ஏறியது.
டெனிஸ்டன் எழுதுவான்:
மை ஃபாதர் கோ டு ஸீ.
மை ஃபாதர் கேட்ச் ஃபிஷ்.
ஜூன் முழுக்க, ஜூலை முழுக்க
அவன் அப்பாவின் ஒவ்வொரு செயலிலும்
சிவப்பு எஸ் ஒன்றைத்
தூண்டில் முள்ளாக மாட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் எழுந்து நின்றான்.
"அப்பா போறாருன்னா சொல்றோம், போறாங்கன்னுதானே சொல்றோம்?
அப்புறம், தனியாவும் போகல டீச்சர்.
ஒரு போட்டுக்கு ஆறு பேரு.
எஸ் எதுக்கு?"
கைடில் இதற்கு விடை இல்லை.
பெல் அடித்து என்னைக் காப்பாற்றியது.

ஆகஸ்டில் போட்டு பிடிபட்டது.
ஆறு பெயரும் பேப்பரில் வந்தன,
வயதோடு, தகப்பன் பெயரோடு.
கொழும்பிலிருந்து விமானத்தில்
ஐந்து பேர் வந்து சேர்ந்தார்கள்.
ஓட்டியவருக்கு மட்டும் ஆறு மாதம்.

நேற்றைய வீட்டுப்பாடம், அப்பாவைப் பற்றி ஐந்து வாக்கியம்.
தலைப்பை நான் மாற்றியிருக்கலாம்.
போன வருட நோட்ஸில் இருந்ததை
அப்படியே போர்டில் எழுதிவிட்டேன்.
கோஸ். கேட்ச்சஸ். செல்ஸ். கம்ஸ். ஸ்லீப்ஸ்.
ஒரு எஸ்கூட விட்டுப்போகவில்லை.
ஐந்தாவதன் எஸ் அழிரப்பர் தேய்த்த இடத்தில்
இரண்டாம் முறை, அழுத்தி எழுதியது.

இலக்கணம் சரி.
தினமும் நடப்பது என்பதுதான்.
ஆங்கில டீச்சர் பேனாவைத் திறந்தாள்,
வரலாறு டீச்சர் மூடச் சொன்னாள்.
உச்சிப்புளியில் பஸ் நிற்கும்போது
ஐந்து டிக் போட்டேன்,
நேராக.

காலையில் நோட்டை வாங்கிப் புரட்டினான்.
"திருத்தம் ஒண்ணும் இல்லையா டீச்சர்?"
"இல்லடா."
தப்பான சொல்லை ஐந்து தடவை எழுத வேண்டும்,
அது எங்கள் வழக்கம்.
எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.
அவன் பேனாவை மூடியோடு
பெஞ்சு விரிசலில் ஓட்டிக்கொண்டிருந்தான்,
போய், திரும்பி, போய்.

நம்புச்செல்வி எழுந்தாள்.
"அரை மார்க் எங்க டீச்சர்?"
நான் வாயைத் திறக்குமுன்
பின் பெஞ்சிலிருந்து டெனிஸ்டன் சொன்னான்:
"பானிப்பட்டுல கடல் இல்லடி."